ரிலீவர் வராத டூட்டி

உங்களோடு பிறந்து, இன்றுவரை மாற்றப்படாமல் உங்கள் உடம்பில் இருக்கும் பொருள் ஏதாவது உண்டா? தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாளில் ஓய்வு பெற்றுவிடுகிறது. எலும்புகூட மெல்லக் கரைந்து மறுபடியும் கட்டப்படுகிறது. ஆனால் கண்பாவைக்குப் பின்னால், சற்றே அழுத்திய பட்டாணி அளவில் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி அப்படியல்ல. நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான அதே புரதங்கள்தான் இன்றும் அங்கே இருக்கின்றன. உங்களுக்கு 50 வயதென்றால் அவற்றுக்கு 50க்கும் சில மாதங்கள் கூடுதல்.

இதை நான் தெரிந்துகொண்டது பிழைப்பின் நிமித்தம். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு இங்கிலீஷ் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சாப்பிடுகிறவள் நான். பட்ஜெட், பாம்புக்கடி, பருவமழை என்று எது வந்தாலும் மொழிபெயர்க்க வேண்டியதுதான். 2024 பிப்ரவரியில் வந்தது கண் லென்ஸின் புரதங்களைப் பற்றிய நீண்ட கட்டுரை. வேறொரு சமயமாக இருந்தால் நான்கு நாளில் முடித்து அனுப்பிவிட்டு மறந்திருப்பேன். அந்தச் சமயம் எங்கள் செகந்திராபாத் வீட்டில் அப்பாவின் கண்தான் பேச்சாக இருந்தது.

அப்பா 1944இல் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தென்மத்திய ரயில்வேயில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து 2004இல் ஓய்வு பெற்றார். ரயில்வேயில் கண் என்பது உத்தியோகம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிப்பார். எழுத்து வரிசை, கலர் புள்ளி அட்டை எல்லாம் உண்டு. தேறாவிட்டால் ஃபைல் தள்ளும் நாற்காலிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா ஒருமுறைகூடத் தவறியதில்லை. ‘ஏ-2 பிரிவுக் கண்’ என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு, மற்றவர்களுக்கு நிலபுலனில் இருக்கும் பெருமை.

2022இல் கொஞ்சம் மங்கல் தெரிந்தபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. எதிலோ விளம்பரம் பார்த்துச் சொட்டு மருந்து வரவழைத்தார். ‘கத்தியின்றிக் கண்புரை கரையும்’ என்றது அந்தக் கம்பெனியின் அட்டைப்பெட்டி. பென்ஷனிலிருந்து மாதாமாதம் மணியார்டர் போலப் பணம் போய்க்கொண்டிருந்தது. ஆறேழு மாதத்தில் ஓர் அதிசயம் நடந்தது. இருபது வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாதவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். “பார்த்தியாம்மா, மருந்து வேலை செய்யுது” என்றார். எங்களுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. படிக்கிறாரே!

2024 ஜனவரியில் ஒரு காலை, அடுப்பைச் ‘சிம்’மில் வைத்துப் பாலை இறக்கியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அடுப்பின் மேல் போட்டார். தீ எரிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. அம்மா தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்ததால் துண்டும் இரண்டு விரல் நுனிகளும் போனதோடு முடிந்தது. “அடுப்பு அணைஞ்சிருந்துச்சு” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது அணைந்துதான் இருந்தது.

அந்த இரண்டு மர்மங்களுக்கும் விடை என் மேஜைமேல் இருந்த கட்டுரையில் கிடைத்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் லென்ஸுக்குள் போக வேண்டும்.

லென்ஸ் என்ற வார்த்தையே லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர், வடிவத்தால் வந்தது. நம் லென்ஸ் சுமார் 9 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. ஒளி போகும் பாதையில் எது குறுக்கே நின்றாலும் பார்வை கெடும் என்பதால், லென்ஸின் செல்கள் தங்கள் உட்கருவையே இடித்துத் தள்ளிவிடுகின்றன. செல்லுக்குச் சக்தி தரும் உறுப்புகள், புரதம் செய்யும் பட்டறைகள் எல்லாமே போய்விடும். மிஞ்சுவது நீண்ட நார் போன்ற பையும் அதில் நிரம்பிய புரதமும்தான். பழைய நார்களின் மேல் புதிய நார்கள் வெங்காயத் தோல் போல வாழ்நாள் முழுவதும் படிந்துகொண்டே இருக்கும். உள்ளே போனது வெளியே வருவதில்லை. உள்ளே கெட்டதைப் பழுது பார்க்கப் புதிய புரதம் செய்யவும் வழியில்லை.

அந்தப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று குடும்பங்கள். 1894இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி மோர்னர் இவற்றைப் பிரித்து வகைப்படுத்தினார். லென்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்குதான். உடம்பின் வேறெந்தத் திசுவிலும் புரதம் இவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருப்பது அபூர்வம்.

இங்கேதான் முதல் சிக்கல். கிரிஸ்டல் என்றால் படிகம். ‘படிகப் புரதம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே கட்டுரை காலை வாரியது. கற்கண்டு, உப்பு போன்ற படிகத்தில் மூலக்கூறுகள் அணிவகுப்புப் போல ஒழுங்காக நிற்கும். லென்ஸுக்குள் அப்படி ஒழுங்கே இல்லை. பெயர் வைத்தவர்கள் அதன் தெளிவைப் பார்த்து வைத்தார்களே தவிர அமைப்பைப் பார்த்தல்ல. கடைசியில் ‘பளிங்குப் புரதம்’ என்று எழுதினேன். தமிழில் பளிங்கு என்ற சொல் அமைப்பைப் பற்றிக் கவலைப்படாது; தெளிவை மட்டும் சொல்லும்.

அணிவகுப்பு இல்லாமல் தெளிவு எப்படி வரும்? பாலில் புரதம் மிதக்கிறது, அது வெள்ளையாக இருக்கிறதே! இந்தக் கேள்விக்கு 1971இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் ஜார்ஜ் பெனடெக் வழி சொன்னார். தெளிவுக்குப் படிக ஒழுங்கு தேவையில்லை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அடர்த்தி எங்கும் சீராக இருந்தாலே போதும் என்றார். 1983இல் டெலே, டார்டியூ என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதைச் சோதனையில் காட்டினார்கள். கிரிஸ்டலின் கரைசலில் புரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் கலங்கல் அதிகமாகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, இன்னும் கூட்டக் கூட்டக் கலங்கல் குறைகிறது.

இந்த இடத்தை அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் மொழிபெயர்ப்புகளுக்கு அவர்தான் முதல் வாசகர். அவருக்குப் புரிந்தால் அச்சுக்குப் போகலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி” என்றார். “பாதி காலியா இருந்தா இங்க ஒரு கும்பல், அங்க ஒரு கும்பலா நிப்பான். முழுசா அடைச்சுட்டா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எவனும் அசைய முடியாது.” கட்டுரையாசிரியர் அரைப்பக்கம் எழுதியதைவிட இது தெளிவாக இருந்தது. அனுமதி கேட்டு அதையே சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் நெரிசலில் ஒரு ஆபத்து உண்டு. பக்கத்தில் இருப்பவன் மயங்கி விழுந்தால் அவனைச் சுற்றி ஒரு கும்பல் கூடிவிடும். வெயிலின் புறஊதாக் கதிர், ஆக்சிஜனின் அரிப்பு, சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் கூடும் சர்க்கரை, புகைபிடிப்பவருக்குப் புகை என்று எத்தனையோ காரணங்களால் ஒரு புரதத்தின் மடிப்புக் கலைந்துபோகலாம். உள்ளே மறைந்திருந்த பிசுக்கான பகுதி வெளியே வரும். அது பக்கத்துப் புரதத்தோடு ஒட்டும். இரண்டும் மூன்றாவதோடு ஒட்டும். அந்தத் திரள் பெரிதானால் ஒளி சிதறும். அதுதான் கண்புரை.

உடனே ஒட்டிவிடாமல் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கிறோமே, அது எப்படி? விடை வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1982இல் இங்கோலியா, கிரெய்க் என்ற இருவர் பழ ஈயின் சில புரதங்களை ஆராய்ந்தார்கள். ஈயைச் சூடுபடுத்தினால் அதன் செல்கள் அவசரமாகச் சுரக்கும் காவல் புரதங்கள் அவை. அவற்றின் அமைப்பு பாலூட்டிகளின் ஆல்பா கிரிஸ்டலினுக்கு உறவாக இருந்தது! லென்ஸில் சும்மா இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பதாக நினைத்த ஒன்று, காவல்காரர் வம்சத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1992இல் கலிபோர்னியாவில் ஜோசப் ஹார்விட்ஸ் அதை நிரூபித்தார். மற்றப் புரதங்களைச் சூடாக்கினால் முட்டை வெந்தது போலக் கலங்குகின்றன. ஆல்பாவைச் சேர்த்துச் சூடாக்கினால் கலங்கவில்லை. மடிப்புக் கலைந்த புரதத்தை ஆல்பா பிடித்து வைத்துக்கொள்கிறது. மற்றதோடு ஒட்ட விடுவதில்லை.

இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்பது மொழிபெயர்க்கும்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சி.எச். மோகன் ராவும் அவருடைய சகாக்களும் 1990களில் ஆல்பாவைச் சூடாக்கிப் பார்த்தார்கள். வெப்பம் ஏற ஏற அது தன் உருவத்தைச் சற்றுத் தளர்த்தி, பிடித்துக்கொள்ளும் பகுதிகளை அதிகமாக வெளியே நீட்டுகிறது என்று கண்டார்கள். ஆபத்து அதிகமானால் கையை அதிகமாக நீட்டுகிறது. அதே மையத்திலும் பிறகு எல்.வி. பிரசாத் கண் நிலையத்திலும் லென்ஸ் புரதங்களைப் பற்றி வேலை செய்த டி. பாலசுப்ரமணியனின் அறிவியல் பத்தியை ‘ஹிந்து’ நாளிதழில் படித்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள்.

இப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதத்துக்கு இங்கிலீஷில் ஷாப்பரோன். பழைய ஐரோப்பாவில், கல்யாணமாகாத இளம்பெண் விருந்துக்குப் போனால் கூடாத சேர்க்கை ஏற்படாமல் பார்த்துக்கொள்ளக் கூடவே போகும் மூத்த பெண்மணிக்கு அந்தப் பெயர். இதற்குத் தமிழ் என்ன? கைவசம் இருந்த ஒரு கலைச்சொல் பட்டியலில் ‘துணைப் புரதம்’ என்றிருந்தது. துணை என்றால் எல்லாம்தான் துணை. முதலில் ‘தோழிப் புரதம்’ என்று எழுதினேன். சங்க அகப்பாடல் படித்த புத்தி அப்படித்தான் போகும். ஆனால் தோழி காதலைச் சேர்த்துவைப்பவள். தலைவி தலைவனோடு போவதற்கே வழிசெய்து கொடுப்பவள். இங்கே வேண்டியது சேர விடாமல் காப்பவள். அது செவிலித்தாய். வளர்த்தவள், காவல் இருப்பவள், மகள் போனபின் தனியே நின்று புலம்புபவள். இன்றைய தமிழில் செவிலி என்றால் நர்ஸ். அதுவும் பொருந்துகிறது. ‘செவிலிப் புரதம்’ என்று அடித்துத் திருத்தினேன்.

அந்தச் செவிலியின் வரலாற்றில் வருத்தமான பகுதி அடுத்து வந்தது. ஆல்பா, கலைந்த புரதத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிரத் தானாக அதைச் சரியாக மடித்து விடுதலை செய்யாது. பிடித்தது பிடித்ததுதான். லென்ஸின் மையத்தில் புதிய ஆல்பா தயாராவதும் இல்லை. பிறக்கும்போது கொடுத்த கையிருப்பு மட்டும். ஒவ்வொரு கலைந்த புரதத்துக்கும் அதில் கொஞ்சம் செலவாகிறது. 40 வயதைத் தாண்டும்போதே மையத்தில் கரைந்த நிலையில் இருக்கும் ஆல்பா பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதே வயதில்தான் லென்ஸ் விறைத்து வெள்ளெழுத்தும் வருகிறது. தெலுங்கில் வெள்ளெழுத்துக்குப் பெயர் ‘சத்வாரம்’. நாற்பது என்ற சமஸ்கிருத எண்ணிலிருந்து வந்தது. ஆல்பாவைப் பற்றித் தெரியாமலே வயதைச் சரியாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். எனக்கு வயது 46. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டுதான் அந்தப் பத்தியைத் தமிழாக்கினேன்.

அப்பா அந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: “ரிலீவர் வராத டூட்டி.” சின்ன ஸ்டேஷன்களில் அடுத்த ஷிப்ட் ஆள் வராவிட்டால் இருப்பவர் நாற்காலியை விட்டு எழ முடியாது. வண்டி வந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர் அப்படி உட்கார்ந்த நாள்கள் உண்டு. அவருடைய கண்ணுக்குள் ஒருவர் எண்பது வருஷமாக அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

சரி, அந்த இரண்டு மர்மங்கள். லென்ஸின் மையத்தில் புரதம் இறுகும்போது ஒளியை வளைக்கும் சக்தி கூடுகிறது. கண் கிட்டப்பார்வைக்குத் திரும்புகிறது. தூரத்துப் பொருள் மங்கும். ஆனால் கிட்டத்து எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரியும். டாக்டர்கள் இதை ‘இரண்டாம் பார்வை’ என்பார்கள். அது குணமாவதன் அறிகுறியல்ல. புரை முற்றுவதன் அறிகுறி. அப்பா எந்த அதிசயத்துக்காகக் கம்பெனிக்கு நன்றி சொன்னாரோ அது நோயின் கைவேலை. அடுப்பு விஷயமும் அப்படியே. பழைய லென்ஸ் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பழுப்புக் கண்ணாடி நீலத்தை விழுங்கிவிடும். ‘சிம்’மில் எரியும் கேஸ் தீயில் நீலத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

சிவப்பும் பச்சையும் பார்த்துப் பிழைத்தவருக்கு நீலம் போனது தெரியவே இல்லை.

“அப்போ மருந்து?” என்றார். அதற்கும் கட்டுரை பதில் வைத்திருந்தது. 2015இல் ‘நேச்சர்’ பத்திரிகையில், லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக ஓர் ஆராய்ச்சி வந்தது. உலகமே பரபரத்தது. 2019இல் வேறொரு குழு லானோஸ்டெராலையும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களையும் சோதித்தபோது லென்ஸ் தெளியவில்லை. மனிதருக்குப் புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இன்றுவரை கிடையாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

ஏன் கரையாது என்பதற்கு என் பாட்டியின் பேச்சே போதும். பாலில் மோர் ஊற்றித் தயிராக்குவதை எங்கள் வீட்டில் ‘புரை குத்துவது’ என்பார்கள். கண்ணில் விழுவதும் புரை. இரண்டு சொல்லும் ஒரே வேரா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நடப்பது ஒரே மாதிரி. பாலில் தனித்தனியாக மிதந்த புரதம் ஒன்றோடொன்று திரண்டு தயிராகிறது. தயிரைப் பாலாக்க எந்தச் சொட்டு மருந்தும் உதவாது. ஹிந்திக்காரர்கள் இதை ‘மோதியாபிந்த்’ என்கிறார்கள், முத்துத் துளி. இங்கிலீஷில் அருவியின் பெயர். தலையிலிருந்து கெட்ட நீர் இறங்கிக் கண்ணை மறைப்பதாக அந்தக் காலத்தில் நம்பினார்கள். அழகான பெயர்கள்தான். உள்ளே நடப்பதற்குப் பக்கத்தில் நிற்பது பாட்டியின் பெயர்.

பாட்டி பேச்சை எடுத்ததும் அப்பா எழுந்து போய்விட்டார். அவர் சொட்டு மருந்தை நம்பியதற்குக் காரணம் விளம்பரம் அல்ல. 1968இல் பாட்டிக்குப் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அன்றைய முறை அது. லென்ஸை அப்படியே முழுதாக வெளியே எடுப்பார்கள். தலையின் இரண்டு பக்கமும் மணல்மூட்டை. நாள்கணக்கில் திரும்பக் கூடாது, இருமக் கூடாது. 24 வயதுப் பையனாக அப்பா கட்டிலருகே உட்கார்ந்து பாட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் சீழ் வைத்துவிட்டது. கண் போயிற்று. மற்றக் கண்ணுக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அது எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும். இருக்கும் படி ஓரிடம், தெரியும் படி ஓரிடம். பாட்டி இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை எழவில்லை.

பெரியவர்கள் ஆபரேஷனுக்குப் பயப்படும்போது அறியாமை என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்கள் பயப்படுவது நமக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்ததால். அப்பாவுக்கு வேண்டியது தைரியமூட்டல் அல்ல. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்ற தகவல். அதைத் தேடித் தருவது என் தொழில்.

1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதல்முறையாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். யுத்தத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டுகள் உறுத்தாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்துப் பிறந்த யோசனை. 1967இல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன், லென்ஸைக் கேளா ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வெட்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கியது. மணல்மூட்டைக்கு வேலை போனது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் மூலம் செயற்கை லென்ஸை உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தது. வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு அது கிடைத்ததால் சோடாபுட்டிக் கண்ணாடி நம் கிராமங்களிலிருந்து மறைந்தது. 1968இல் பாட்டிக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஆனாலும் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கவனிக்கப்படாத கண்புரை என்று தெரிந்தது. வழி இருந்தும் இருட்டில் இருப்பவர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு மணல்மூட்டையின் ஞாபகம் இருக்குமோ?

நான் எழுதி வைத்ததை அப்பா ஒரு வாரம் வைத்திருந்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி. “சீழ் வைக்காதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?” “மாட்டாங்கப்பா. இப்போ ரொம்ப அபூர்வம், ஆனா வரவே வராதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க” என்றேன். வேறு பதில் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பொய் சிக்னல் எது என்று அவருக்குத் தெரியும். “ஒரு கண்ணு முதல்ல. அது சரியானாத்தான் இன்னொண்ணு” என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு கட்டுரையின் கடைசிப் பகுதியை முடித்தேன். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபோது காற்றில் கதிரியக்கக் கரி ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. அது பயிருக்குப் போய், சோற்றுக்குப் போய், உடம்புக்கும் போனது. 2008இல் டென்மார்க் விஞ்ஞானிகள் மனித லென்ஸின் கிரிஸ்டலினில் இந்தக் கரியை அளந்து, அது மனிதர் பிறந்த காலத்துக் கரிதான் என்று காட்டினார்கள். 2016இல் இதே வழியில் கிரீன்லாந்துச் சுறா ஒன்றின் லென்ஸை அளந்தபோது அது குறைந்தது 272 வயதானது என்று தெரிந்தது.

எனக்கு 1978. என் லென்ஸின் நடுவில் குண்டுக்கரியின் தடயம் இருக்கும். அப்பாவுக்கு 1944. முதல் அணுகுண்டு 1945 ஜூலையில்தான் வெடித்தது. அவர் லென்ஸின் நடுவில் இருப்பது அதற்கு முந்தைய உலகத்தின் கரி. யுத்த காலத்தில், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில், மசக்கையோடு பாட்டி சாப்பிட்ட சோறும் கேழ்வரகுக் களியும்தான் அது. பாட்டியின் வயிற்றில் செய்ததை நாளைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டவில்லை.

2024 மார்ச்சில் வலது கண் முடிந்தது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது அம்மாவின் புடவையை. “இது காப்பிப்பொடி கலர்தானே?” என்றார். கத்தரிப்பூக் கலர். இரண்டு வருஷமாக அதைக் காப்பிப்பொடி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்; அம்மாவும் திருத்தியதில்லை. வலது கண்ணை மூடியும் இடது கண்ணை மூடியும் மாறி மாறிப் பார்த்தார். அன்று சாயங்காலம் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

அவராகத்தான் கேட்டார். “எடுத்ததை என்ன செஞ்சாங்க?” இனி மறைக்க என்ன இருக்கிறது! உடைத்து, தண்ணீரோடு உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, கரியைப் பற்றிய பத்தியையும் படித்தேன். கேழ்வரகுக் களி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த வருஷம் சோறு ஏது? வெறும் களிதான்னு எங்கம்மா சொல்லுவா. அதைத் திருத்திடு” என்றார்.

அச்சுக்குப் போன மொழிபெயர்ப்பில் பாட்டியின் களிக்கு இடமில்லை. அதனால் இங்கே திருத்திவிடுகிறேன். சோறு இல்லை, களி மட்டும். இடது கண்ணுக்கு நவம்பரில் தேதி கொடுத்தார்கள். இந்தமுறை அவரே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போன காரியம் நல்லபடியாக முடிந்தது. அலமாரியில் மிச்சமிருந்த சொட்டு மருந்து இரண்டு பாட்டில். அவற்றை எறிந்தது அம்மா.